குழந்தைக்குப் பெயர் சூட்டுதல்: தேர்வு முதல் பதிவு வரை

பெயர்த் தேர்வு என்றதும் பட்டியலொன்றிலிருந்து இனிய சொல் ஒன்றைக் கண்டெடுப்பதே பெரும்பாலான பெற்றோரின் நினைவுக்கு வருகிறது. எனினும் கண்டெடுத்த பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வடிவில் எழுதி, பிறப்புப் பதிவேட்டில் பிழையின்றி இடம்பெறச் செய்து, அதே வடிவத்தைப் பின்வரும் ஆவணங்கள் அனைத்திலும் காப்பதே இப்பணியின் கடினமான பகுதியாகும். தேர்வில் நேரும் தயக்கம் சில வாரங்களில் தீர்ந்துவிடும். எழுத்தில் நேரும் பிழையோ அக்குழந்தை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும்போதும், கடவுச்சீட்டு பெறும்போதும், திருமணத்தைப் பதியும்போதும் அலைச்சலாகத் திரும்பி வரும். இவ்வியல் தமிழ்நாட்டுப் பெற்றோரை மனத்தில் கொண்டு எழுதப்பட்டிருப்பதால், பெயரைத் தெரிவு செய்யும் வரிசையும் அதை எழுதி நிலைநிறுத்தும் முறையும் சேர்த்தே விளக்கப்படுகின்றன.

தொடங்கும் காலமும் முடிவு செய்வோரும்

1. கருவுற்ற ஏழாம் மாதத்தையொட்டி, வளைகாப்பு முடிந்த நாட்களில், பெயர்த் தேடலைத் தொடங்குவது போதுமானது. கருவின் பாலினத்தை அறிவிப்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதால், ஆண் பெயர்களுக்கு ஒன்றும் பெண் பெயர்களுக்கு ஒன்றுமாக இரண்டு பட்டியல்கள் வேண்டும். அல்லது கதிர், மகிழ், தமிழ், வெற்றி முதலியவற்றைப் போல இரு பாலார்க்கும் பொருந்தும் பெயர்களைத் தனியே குறித்து வைக்கலாம். குழந்தை பிறந்தபின் தேடத் தொடங்குவோர், உறக்கமின்மையும் உறவினர் வருகையும் சூழ்ந்த நாட்களில் முடிவெடுக்க நேர்கிறது. அவசரப் பெயர்கள் பெரும்பாலும் அவ்வாறே பிறக்கின்றன.

2. முன்மொழிவோர் யார், முடிவு செய்வோர் யார் என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். தாத்தா, பாட்டி, அத்தை, மாமா ஆகியோர் எத்தனை பெயர்களை வேண்டுமானாலும் முன்மொழியலாம். இறுதி முடிவு தாய், தந்தை இருவரும் இசைந்ததாக இருக்க வேண்டும். பல சமூகங்களில் பெயர் சூட்டும் சடங்கில் தந்தையின் உடன்பிறந்தாளுக்குச் சிறப்பிடம் உண்டு. அவ்வுரிமையைச் சடங்கில் முழுமையாக அளித்து மதிப்பது முறை, ஆனால் அது தாயின் ஒப்புதலுக்கு மாற்றாகிவிடலாகாது. பிரசவத்தின் வலியைத் தாங்கியவர் பெயர்த் தேர்வில் பார்வையாளராக நிறுத்தப்படுவது இன்னும் பல வீடுகளில் நடைபெறுகிறது. அது திருத்தப்பட வேண்டிய வழக்கமே. பெற்றோரிடையே உடன்பாடே எட்டாமல் போனால் வழக்கு நீதிமன்றம் வரை செல்லக்கூடும். 2023-இல் அண்டை மாநிலமான கேரளத்தில் இத்தகைய பூசல் ஒன்றில் உயர்நீதிமன்றமே குழந்தைக்குப் பெயரைத் தெரிவு செய்து கொடுக்க நேர்ந்தது.

குடும்ப வரையறைகளை எழுதி வைத்தல்

3. பெயர்களை எழுதத் தொடங்கும் முன், குடும்பம் எவ்வெவ்வழக்கங்களைப் பின்பற்ற விரும்புகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். முதற் குழந்தைக்குத் தந்தைவழிப் பாட்டன் அல்லது பாட்டியின் பெயர், அடுத்ததற்குத் தாய்வழியினரின் பெயர் என்பது பரவலான வழக்கம். குலதெய்வத்தின் பெயர், அதாவது குடும்பம் தலைமுறைகளாக வழிபட்டுவரும் தெய்வத்தின் பெயர், மற்றொரு வழக்கம். இசக்கி, சுடலை என்னும் பெயர்கள் தெற்கு மாவட்டங்களையும், அங்காளம்மாள் என்பது வடக்கு மாவட்டங்களையும் கேட்டவுடன் நினைவூட்டுவது இதனால்தான். பழைய பெயர் குழந்தைக்குப் பொருந்தாது என்று இளைய பெற்றோரும், கட்டாயம் அதுவே வேண்டும் என்று மூத்தோரும் வாதிடும் இடங்களில், முன்னோர் பெயரின் பொருளை வைத்துக்கொண்டு வடிவத்தைப் புதுப்பிப்பது நல்ல இணக்க வழியாகும்: கதிர்வேலு என்னும் பாட்டனின் நினைவைக் கதிர் என்னும் பெயரும், வள்ளியம்மாளின் நினைவை வள்ளி என்னும் பெயரும் குறையின்றிச் சுமக்கும்.

4. நட்சத்திர எழுத்தைப் பின்பற்றுவோர் அதன் அமைப்பை அறிந்திருப்பது நல்லது. நட்சத்திரங்கள் 27, ஒவ்வொன்றும் பாதம் எனப்படும் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுவதால் மொத்தம் 108 பாதங்கள் அமைகின்றன, பஞ்சாங்கம் ஒவ்வொரு பாதத்திற்கும் ஓர் எழுத்தைக் குறிக்கிறது. அசுவினிக்குச் சு, சே, சோ, லா என்றும், கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்றும், மகத்திற்கு ம, மி, மு, மே என்றும் எழுத்துகள் அமைகின்றன. இவ்வரிசை வடமொழி ஒலிகளைக் கொண்டு வகுக்கப்பட்டதாதலின் எல்லா எழுத்துகளும் தமிழ்ப் பெயருக்கு முதலாவதில்லை: திருவாதிரையின் மூன்றாம் பாதத்திற்குரிய ங, அஸ்தத்தின் மூன்றாம் பாதத்திற்குரிய ண ஆகியவற்றைக் கொண்டு வழக்கில் உள்ள பெயர் எதுவும் தொடங்குவதில்லை. அத்தகைய நிலையில் அதே நட்சத்திரத்தின் வேறு பாதத்துக்குரிய எழுத்தை எடுத்துக்கொள்வதும், நட்சத்திரப் பெயரைச் சடங்கின்போது காதில் ஓதுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு வழங்கு பெயரைத் தடையின்றித் தேர்வதும் ஏற்கப்பட்ட வழிகள். இரண்டாவது வழியே பெரும்பாலான குடும்பங்களின் பூசலைத் தீர்க்கும்.

5. பிற சமயத்தவர்க்கு வேறு வரையறைகள் உண்டு. இசுலாமியக் குடும்பங்களில் ஏழாம் நாள் நிகழும் அகீகா என்னும் சடங்கையொட்டிப் பெயர் சூட்டப்படுவது வழக்கம். அங்கே கவனிக்க வேண்டிய முதற் செய்தி, அப்துல் என்பது தனித்து நிற்கும் பெயரன்று என்பதாகும். அது ‘இன்னாரின் அடியார்’ என்னும் தொடரின் முற்பகுதியாதலால், அப்துல் ரஹ்மான், அப்துல் காதர் என்றாற்போல முழுமையாகவே நிற்க வேண்டும். படிவங்களில் அதை இரண்டாகப் பிளந்து, முதற்பெயர் அப்துல், கடைசிப் பெயர் ரஹ்மான் என்று எழுதுவது பொருளையே சிதைக்கிறது. கிறித்தவக் குடும்பங்களில் திருமுழுக்கின்போது சூட்டப்படும் புனிதரின் பெயரும் வழங்கு பெயரும் வேறுபடும்போது, இரண்டில் எது பிறப்புச் சான்றிதழில் இடம்பெறும் என்பதைத் திருமுழுக்கு நாளுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இல்லையேல் கோயில் பதிவேட்டில் ஒன்றும் அரசுப் பதிவேட்டில் வேறொன்றுமாக நின்றுவிடும். புனிதர் பெயர்களுக்குத் தமிழிலேயே அழகிய வடிவங்கள் உள்ளன என்பதும் நினைவுகூரத்தக்கது: யோவான் அருளப்பன் ஆகவும், பேதுரு இராயப்பன் ஆகவும், பவுல் சின்னப்பன் ஆகவும், யோசேப்பு சூசை ஆகவும் தமிழ்நாட்டில் தலைமுறைகளாக வழங்கி வந்துள்ளனர்.

பட்டியலும் பொருட் சோதனையும்

6. வரையறைகளுக்கு உட்பட்டு ஒவ்வொரு பட்டியலிலும் பத்துப் பெயர்களுக்கு மேற்படாமல் எழுதி, ஒரு வாரம் விட்டு மீண்டும் பார்த்து, மூன்றாகக் குறைக்க வேண்டும். நூறு பெயர்கள் கொண்ட பட்டியல் தேர்வை எளிதாக்குவதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறை காணும் மனநிலையையே வளர்க்கிறது.

7. எஞ்சிய பெயர் ஒவ்வொன்றின் பொருளையும் அகராதியில் பார்க்க வேண்டும். இணையத்தில் பரவும் பெயர்த் தொகுப்புகளில் ஓசைக்காக ஒட்டி உருவாக்கிய சொற்களுக்கு ‘வெற்றி’, ‘ஒளி’, ‘இறைவனின் கொடை’ என்றெல்லாம் பொருள் கற்பிக்கப்படுவது மிகுதி. ‘ஷ்’ என முடியும் ஆண் பெயர்களிலும் ‘ஷா’, ‘க்ஷா’ என முடியும் பெண் பெயர்களிலும் இக்குறை அதிகம். தமிழ்ச் சொல்லாயின் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியிலும், இக்கால வழக்கிற்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியிலும் தேடலாம். வடசொல்லாயின் மோனியர் வில்லியம்சின் அகராதியைப் பார்க்கலாம். அரபுச் சொல்லாயின் மொழியறிந்த ஆலிம் ஒருவரைக் கேட்பதே பாதுகாப்பு. அகராதியில் இடம்பெறாத சொல்லைப் பெயராக வைப்பதற்குத் தடை ஏதுமில்லை, ஆனால் அதற்குப் பொருள் இருப்பதாக நம்பிக்கொண்டு வைப்பது வேறு.

பொருள் தெளிவாக இருந்தும் விலக்க வேண்டிய பெயர்கள் சில உள்ளன. அடுத்தடுத்துப் பெண் குழந்தைகள் பிறந்த வீடுகளில் ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ என்று பெயரிடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்தது. அப்பெயரைச் சுமந்த பெண் ஒவ்வொரு நாளும் வகுப்பறை வருகைப் பதிவின்போது, தான் விரும்பப்படாதவள் என்பதை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது. எந்த நேர்த்திக்கடனும் எந்த நம்பிக்கையும் இக்கொடுமையை நியாயப்படுத்தாது. முன் பிறந்தவை இறந்தபின் பிறந்த குழந்தை நிலைக்க வேண்டும் என்னும் ஏக்கத்தில் வைக்கப்பட்ட பிச்சை, குப்பன் முதலியவை வேறு வகையின; அவற்றின் உள்ளே இருந்தது அச்சமும் அன்புமே. ஆயினும் அவற்றின் காரணம் மறக்கப்பட்ட இக்காலத்தில் பள்ளியில் ஏளனம் மட்டுமே எஞ்சும் என்பதால், முன்னோர் பெயராக வேண்டுமெனில் வீட்டில் அழைக்கும் பெயராக வைத்துக்கொள்வது போதும்.

ஒலிச் சோதனைகள்

8. மூன்று பெயர்களையும் பின்வரும் வகையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். முதலில், சற்றுத் தொலைவிலிருந்து ஒருவரை அழைப்பதுபோல் உரக்கக் கூப்பிட வேண்டும்; நான்கு அசைகளுக்கு மேற்பட்ட பெயர் அழைப்பில் தானாகவே குறுகிவிடும், அக்குறுகிய வடிவமே வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் என்பதால் அதுவும் பிடித்தமானதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, தொலைபேசியில் முன்பின் அறியாத ஒருவருக்குச் சொல்வதுபோல் ஒருமுறை சொல்லி, கேட்பவர் அதைத் திரும்ப எழுதச் செய்ய வேண்டும்.

9. முன்னெழுத்துடன் சேர்த்துச் சொல்லிப் பார்ப்பதை எவரும் தவிர்க்கலாகாது. முன்னெழுத்து என்பது பெற்றோர் பெயரின் முதலெழுத்து, பேச்சில் இனிஷியல் எனப்படுவது. தந்தை சுந்தரம், மகள் மதி எனில் ‘சு. மதி’ என்பது சுமதி ஆகிவிடும்; தந்தை கோபால் எனில் கோமதி ஆகிவிடும்; சுப்பிரமணியனின் மகன் குமார் எல்லா இடங்களிலும் சுகுமார் என்றே அழைக்கப்படுவார். இவற்றால் நேரும் குழப்பம் அழைப்போடு நிற்பதில்லை. புள்ளியை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்யும் அலுவலகங்களில் ஆவணமே வேறொருவருடையதாக மாறுகிறது.

10. பிறமொழியார் வாயில் பெயர் எவ்வாறு ஒலிக்கும் என்பதையும் கருதலாம், ஆனால் அதற்காக நல்ல தமிழ்ப் பெயரைக் கைவிட வேண்டியதில்லை. கலா என்பதன் ஆங்கில எழுத்துகளை இந்தி பேசுவோர் ‘காலா’ என்று, அதாவது கருப்பு என்று, படிக்கக்கூடும். பூங்குழலியின் முதலசையைப் ‘பி-ஓ-ஓ’ என்று எழுதினால் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் நகைக்கக்கூடும், ‘பி-யு’ என்று எழுதினால் அச்சிக்கல் இல்லை. பெரும்பாலும் எழுத்தை மாற்றினால் தீரும் குறைகளே இவை. கயல்விழி, யாழினி, எழில் முதலிய பெயர்களில் உள்ள ழகரத்தைப் பிறர் ஒலிக்க இயலாது என்று அஞ்சுவோர் உண்டு. பிறர் நாவைக் காட்டிலும் அக்குழந்தையின் நா அதைத் தெளிவாக ஒலிப்பதே முதன்மையானது.

தமிழில் எழுதுதல்

11. தேர்ந்த பெயரின் தமிழ் வடிவத்தை முதலில் உறுதி செய்து, அதன்பின்னரே ஆங்கில வடிவத்திற்குச் செல்ல வேண்டும். நடைமுறையில் இவ்வரிசை தலைகீழாகவே நிகழ்கிறது; ஆங்கிலத்தில் எழுதியதைப் பதிவு அலுவலகத்தில் ஒருவர் தாமறிந்தவாறு தமிழில் தட்டச்சு செய்ய, தரணி தாரணியாகவும் வாணி வானியாகவும் பதிவாகிவிடுகின்றன. ஆகவே பெயரைத் தெளிவாகத் தமிழில் எழுதிய தாளைக் கையில் கொண்டு செல்ல வேண்டும்.

தமிழ் மரபில் ர, ல, ட முதலிய மெய்கள் சொல்லுக்கு முதலாவதில்லை என்பது தொல்காப்பியத்திலிருந்தே உள்ள விதி; அதனால்தான் இராமன், இலட்சுமி, உலோகநாதன், அரங்கநாதன் என முன்னே ஓர் உயிரெழுத்துச் சேர்க்கப்படுகிறது. இன்று ரவி, லதா என்று நேரடியாக எழுதுவதும் வழக்கில் இருப்பதால் இரண்டில் எதை எழுதினும் குற்றமில்லை. ஆனால் ஒன்றை மட்டுமே எழுத வேண்டும். தந்தையின் பெயர் ஓரிடத்தில் இராமசாமி என்றும் வேறிடத்தில் ராமசாமி என்றும் இருப்பின், பிள்ளையின் முன்னெழுத்து ஓரிடத்தில் ‘இரா.’ என்றும் வேறிடத்தில் ‘ரா.’ என்றும் மாறிவிடும். பெயரைத் தமிழில் எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் ஆணையிட்டிருப்பதால், இம்முரண்பாடு முன்னிலும் வெளிப்படையாகத் தெரியும்.

குறிப்பு: கணினியில் ஒன்றுபோல் தோன்றியும் வேறாக இருக்கும் எழுத்துகள் சில உண்டு. ஔ என்னும் உயிரெழுத்தை, ஒ, ள என இரண்டு எழுத்துகளாகத் தட்டச்சு செய்தாலும் திரையில் வேறுபாடு எளிதில் தெரியாது. கௌதமி என்பதில் வரும் ஔகாரக் குறிக்குப் பதில் ளகரத்தை இடுவதும் அவ்வாறே. ஸ்ரீ என்னும் குறியீட்டையும் இருவேறு வகையில் கணினியில் அமைக்க இயலும். இவ்வாறு எழுதப்பட்ட பெயரை இன்னொரு அலுவலகம் தேடும்போது ‘பதிவு இல்லை’ என்று கணினி காட்டும். கண்ணுக்குச் சரியாகத் தெரிவதால் பிழையைக் கண்டுபிடிப்பதும் அரிதாகிறது. ஔ, ஸ்ரீ உள்ள பெயர்களைப் பதிவு செய்யும்போது அருகிலிருந்து பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது.

ஆங்கிலத்தில் எழுதுதல்

12. தமிழ் ஒலிகளை ஆங்கில எழுத்துகளில் பெயர்த்தெழுதுவதை ஒலிபெயர்ப்பு என்பர். ஆங்கிலத்தில் ந, ன, ண மூன்றும் ஒரே எழுத்தாகின்றன. ல, ள ஒன்றாகின்றன. ர, ற ஒன்றாகின்றன. குறில் நெடில் வேறுபாடும் மறைந்துவிடுகிறது. தகரத்திற்குத் தமிழ்நாட்டில் ‘டி-எச்’ எழுதுவது வழக்கம், ழகரத்திற்கு ‘இசட்-எச்’ எழுதுவது வழக்கம். இவ்விரு வழக்கங்களையும் பின்பற்றுவதே சிறந்தது, ஏனெனில் பிறரும் அவ்வாறே எதிர்பார்த்துத் தேடுவர். நெடிலைக் காட்ட ‘ஏ’ எழுத்தை இரட்டித்தல் தேவையானால் செய்யலாம். ஆனால் அதே பெயரில் எங்கெங்கு இரட்டித்தது என்பதைக் குடும்பத்தார் அனைவரும் மறவாதிருத்தல் வேண்டும்.

13. எண்கணிதம் பார்ப்போர், அதாவது ஆங்கில எழுத்துகளுக்கு எண்மதிப்பு அளித்துக் கூட்டுத்தொகையால் பலன் காண்போர், அதைப் பதிவுக்கு முன் ஒரே ஒருமுறை பார்த்து முடித்துவிட வேண்டும். இயல்பான இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களுள் ஒன்றைத் தெரிவு செய்ய இம்முறையைப் பயன்படுத்துவதில் நடைமுறைத் தீங்கு இல்லை. மாறாக, ஒலிக்கப்படாத எழுத்துகளைச் செருகுவதும், பள்ளியில் சேர்த்தபின் பலன் போதவில்லை என்று எழுத்துகளை மாற்றுவதும் அக்குழந்தைக்குத் துன்பத்தையே தரும். கூட்டுத்தொகை கொண்டுவரும் நன்மையைக் காட்டிலும் இரண்டு ஆவணங்களில் இரண்டு பெயர் இருப்பதால் வரும் தீமை கண்கூடானது.

14. பெற்றோர் தம் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலையும் இக்கட்டத்தில் சரிபார்க்க வேண்டும். ஆறுமுகம் என்பது ஆதாரில் ‘ஜி’ எழுத்துடனும் கடவுச்சீட்டில் ‘கே’ எழுத்துடனும் இருப்பின், குழந்தையின் சான்றிதழில் எதை எழுதினாலும் மற்றொன்றுடன் முரண்படும். பிரசவத்திற்கு முன்பே பெற்றோரின் ஆவணங்களை ஒத்திசைத்துக்கொள்வது எளிது. தமிழ்நாட்டில் கருவுற்ற தாய்மார்க்கு வழங்கப்படும் பிக்மி எண்ணைப் பெறும்போது தாயின் பெயர் எவ்வாறு பதிவாகிறது என்பதையும் அன்றே பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பிறப்புப் பதிவின்போது அவ்வெண் கேட்கப்படுகிறது.

முன்னெழுத்தா, கடைசிப் பெயரா?

1929-இல் செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்குமாறு தீர்மானித்தது. அவ்வியக்கத்தின் தாக்கத்தால் தமிழ்நாட்டில் பெயரின் பின்னே சாதிப்பெயர் எழுதும் வழக்கம் பெரிதும் மறைந்து, முன்னெழுத்தும் பெயரும் மட்டுமே எஞ்சின. இது காக்கத்தக்க பேறு. ஆனால் உலகப் படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களைக் கேட்பதால், ஒற்றைப் பெயர் உடையோர்க்கு வெளிநாட்டுப் பயணத்தில் இடர் நேர்கிறது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் முன்னெழுத்தை அப்படியே எழுத இயலாது. அதை விரித்தே எழுத வேண்டும். குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது பலர் பயணத்தை நிறுத்த நேர்ந்தது. அமெரிக்க விசாவிலோ ஒற்றைப் பெயர் உடையவரின் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எப்.என்.யு.’, அதாவது முதற்பெயர் தெரியவில்லை, என்னும் குறி இடப்படுகிறது.

15. எனவே குழந்தையின் பெயரைப் பதியும்போதே இரண்டாம் பகுதி எது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ விரித்து இரண்டாம் பகுதியாக வைத்தல், அல்லது பெயரையே இரு சொற்களாக, யாழினி நிலா என்றாற்போல, அமைத்தல் ஆகிய இரண்டு வழிகள் உள்ளன. சாதிப்பெயரைச் சேர்ப்பதுதான் ஒரே வழி என்று முகவர்கள் சிலர் கூறுவது உண்மையன்று. தாயின் பெயரை முன்னெழுத்தாகவோ இரண்டாம் பகுதியாகவோ வைப்பதில் தயங்க வேண்டியதும் இல்லை: தனித்து வாழும் தாய் தந்தையின் பெயரை வெளிப்படுத்தக் கட்டாயமில்லை என்று உச்சநீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது, தந்தையின் மறைவுக்குப் பின் குழந்தையின் குடும்பப்பெயரை முடிவு செய்யும் உரிமை இயற்கைக் காப்பாளரான தாய்க்கு உண்டு என்று 2022-இல் தீர்ப்பளித்தது.

பதிவு செய்யும் முறை

16. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் மருத்துவமனையே தெரிவிக்கும். இவ்விடத்தில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு: 21 நாள் என்பது பிறப்புக்குரிய காலவரம்பே அன்றி, பெயருக்குரியது அன்று. பெயரின்றியே பிறப்பைப் பதிந்து, பதிவு நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆகவே மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் பரபரப்பில் வாயில் வந்த செல்லப்பெயரைப் படிவத்தில் எழுதிக் கொடுப்பதைவிட, பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடுவது எத்தனையோ மடங்கு நல்லது. பதிந்த பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தலாம். ஒரு பெயரை நீக்கி முற்றிலும் வேறு பெயரை இடுவது எளிதன்று.

17. பிறப்பு எந்த ஊரில் நிகழ்ந்ததோ அவ்வூரின் பதிவாளரிடமே பெயரையும் பதிய வேண்டும். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் நிலவுவதால், பதிவு தாய்வீட்டு ஊரில் இருக்க, பெற்றோர் வாழும் ஊரின் அலுவலகத்தில் விண்ணப்பித்துத் திரும்புவோர் பலர். குழந்தையுடன் தாய் அங்கிருந்து புறப்படும் முன்பே பெயரை முடிவு செய்து பதிந்துவிடுவது ஒரு பயணத்தை மிச்சப்படுத்தும்.

18. பெயர் சேர்த்த சான்றிதழ் கைக்கு வந்தவுடன், அங்கேயே நின்று பின்வருவனவற்றை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும்: குழந்தையின் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், தாய் தந்தையர் பெயர்கள் இரு மொழிகளிலும், பிறந்த நாள், பாலினம், பிறந்த இடம். 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்நாளிலோ அதன் பின்னரோ பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், ஆதார், திருமணப் பதிவு, அரசுப் பணி ஆகியவற்றில் பிறந்த நாளுக்கும் பிறந்த இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதில் உள்ள வடிவமே குழந்தையின் பெயர் என்று கொண்டு, பின்வரும் ஒவ்வொரு படிவத்தையும் அதைப் பார்த்தே நிரப்ப வேண்டும், நினைவிலிருந்து நிரப்பலாகாது.

19. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கைரேகை இன்றியே ஆதார் பெறலாம். ஆதாரில் பெயரைத் திருத்தும் வாய்ப்பு வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே என்பதால், முதற் பதிவிலேயே திரையைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

பாதுகாப்புக் குறிப்புகள்

குழந்தையின் முழுப்பெயர், பிறந்த நாள், பிறந்த நேரம், மருத்துவமனை ஆகிய நான்கையும் ஒரே படத்தில் வைத்துச் சமூக ஊடகங்களில் பரப்புவதைத் தவிர்க்க வேண்டும். சான்றிதழின் படத்தை உறவினர் குழுக்களில் பகிர்வதும் அவ்வாறே தவிர்க்கத்தக்கது. பெயர்ப் பலன் கூறுவதாகச் சொல்லிப் பிறந்த நேரத்துடன் கைபேசி எண்ணையும் கேட்கும் இணையதளங்களுக்கு விவரம் அளிக்க வேண்டியதில்லை. நட்சத்திர எழுத்தை எந்தப் பஞ்சாங்கத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

இரட்டைக் குழந்தைகளுக்கு ஓசை ஒத்த பெயரிடும் ஆசை இயல்பானது. ஆயினும் பிறந்த நாள், பெற்றோர் பெயர், முகவரி ஆகிய மூன்றும் ஒன்றாகவே இருக்கும் இருவரைப் பிரித்தறிய ஆவணங்களில் எஞ்சுவது பெயர் மட்டுமே. கவின், கவினா என்று ஓரெழுத்து வேறுபாட்டில் பெயரிட்டால் தடுப்பூசி அட்டையில் ஒருவருக்குப் போட்ட ஊசி மற்றவர் கணக்கில் ஏறும் இடர் உண்டு. முதலெழுத்தேனும் வேறாக இருக்கும்படி, ஆதிரை, இளமாறன் என்றாற்போலப் பெயரிடுவது பாதுகாப்பானது.

பின்னர் மாற்ற நேர்ந்தால்

பள்ளியில் சேர்ப்பதற்கு முன் பிழையைக் கண்டால், பிறப்புப் பதிவிலிருந்து தொடங்கி ஆதார், தடுப்பூசி அட்டை என்னும் வரிசையில் திருத்த வேண்டும். வரிசை மாறினால் பிந்தியதைத் திருத்தப் பிறப்புச் சான்றிதழையே கேட்டு மீண்டும் முதலிடத்திற்கே அனுப்புவர். பெயரை முழுவதும் மாற்ற விரும்பினால், தமிழ்நாடு அரசின் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை வெளியிடும் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பை வெளியிட்டு, அவ்விதழின் படியை ஒவ்வோர் அலுவலகத்திலும் அளிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாவதற்கு முன் இதைச் செய்து முடிப்பது மிக எளிது. அதனால் ஒன்பதாம் வகுப்பில் பள்ளி பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கத் தரும்போது பெற்றோர் கையெழுத்திடும் முன் பிறப்புச் சான்றிதழை எடுத்து அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். பதினெட்டு வயது நிறையும் வரை மாற்றத்திற்குரிய விண்ணப்பத்தைப் பெற்றோரோ காப்பாளரோ அளிப்பர். அதன்பின் பெயருக்குரியவர் தாமே அளிக்கலாம்.